பாலுக்கு இருக்கும் காவல் பிள்ளைக்கு வேண்டாமா?

(ஜொகூர் மாநிலத்துத் தோட்டமொன்றில் மாதர் பகுதியினர் கூட்டிய கூட்டத்தில், பால் ஸ்டோரில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிலாளர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எண்ணி வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அதைப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் மேடையிலே இருக்கிறார்கள். நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றி. அதிலும், விடியற்காலையில் குழாயைத் திறந்தவுடன் முதன்முதலாக வந்து விழுகிறதே, அந்த ஒரு செம்புத் தண்ணீரைப் பற்றி மட்டும்.

ஒரு செம்பு என்கிறேன். பாத்திரத்துக்கே செம்பு என்று பெயர் வைத்தவர்கள் நாம். நீர்ச் செம்பு, மோர்ச் செம்பு, கும்பகோணத்துச் செம்பு என்று அது நம் வீட்டோடு ஒட்டிக்கொண்ட உலோகம். அந்தச் செம்பு குடிதண்ணீரிலே கரைந்து வந்தால் என்ன ஆகும்? யாருக்கு ஆகாது? அதைப் பார்க்க வேண்டியவர் யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த மட்டும் விடை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. நான் பால் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வெயில் நேரம். தாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பைக் கையோடு எடுத்துப் போனேன். பால் தொட்டியின் ஓரத்திலே அதை வைத்ததுதான் தாமதம். மண்டோர் ஓடி வந்து செம்பைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே வீசி எறிந்தார். "பித்தளையை ஸ்டோருக்குள் கொண்டுவரச் சொன்னது யார்? பால் கெட்டால் உன் அப்பனா கட்டுவான்?" என்று கத்தினார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. பித்தளையைக் கண்டு பால் ஏன் கெட வேண்டும்?

பிறகுதான் காரணம் தெரிந்தது. ரப்பருக்குச் செம்பு எமன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதிலிருந்து அணுவளவு செம்பு பாலிலே இறங்கினாலும், பின்னால் அந்த ரப்பர் காற்றுப் பட்டுப் பட்டு இளகிப் பிசுபிசுத்துப் போகும். இழுத்தால் நீளாது, அறுந்துவிடும். ஆகவேதான் தொட்டித் தடுப்பெல்லாம் அலுமினியத்திலே வைத்திருந்தார்கள். செம்பு கலந்த மருந்துகளைப் பால்வெட்டும் பட்டையிலே பூச விடமாட்டார்கள். உலகச் சந்தைக்குப் போகிற செறிவூட்டிய பாலுக்கு ஒரு விதியே உண்டு: அதிலுள்ள திடப்பொருள் ஒரு கிலோவுக்குச் செம்பு 8 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. ஒரு கிலோவிலே 8 மில்லிகிராம் என்றால், சாக்கு அரிசியிலே ஒன்றிரண்டு சிட்டிகை உப்பு. அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள்.

நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. சரக்கைக் காப்பாற்றுவது நியாயமான காரியம். அந்தச் சரக்கினால்தான் நானும் என் பிள்ளைகளும் சோறு தின்றோம். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் அந்த மண்டோர் கத்திய சத்தம் என் காதை விட்டுப் போகாததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

ஆற்றுத் தண்ணீர் கெட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். 2019 ஏப்ரல் மாதத்தில் இதே ஜொகூரில் சாயோங் ஆற்றிலே அமோனியா கலந்து, சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குழாய் வறண்டது; வாளியும் குடமும் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினோம்; பத்திரிகைகள் எழுதின. அது ஆற்றிலே நடந்த கேடு. நான் சொல்ல வந்த கேடோ சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி, நம் வீட்டுச் சுவருக்குள்ளேயே நடப்பது. நிறமில்லை, நாற்றமில்லை. பத்திரிகைக்காரர் எவரும் படம் பிடிக்க வரமாட்டார்.

நடப்பது என்ன? மழைத்தண்ணீர் இயல்பிலேயே கொஞ்சம் புளிப்புத்தன்மை உடையது. சுண்ணாம்புப் பாறை உள்ள ஊரிலே அந்தத் தண்ணீர் பாறையைத் தொட்டுத் தொட்டுத் தன் புளிப்பைத் தீர்த்துக்கொள்ளும். இங்கே அதற்கு வழி குறைவு. போந்தியான், பத்து பகாட் பக்கத்துச் சதுப்பு நிலத்துக் கால்வாய்களைப் பாருங்கள், தேநீர் நிறத்திலே ஓடும். இலையும் வேரும் ஊறி ஊறி அந்தத் தண்ணீர் இன்னும் புளித்திருக்கிறது. புளித்த தண்ணீர் உலோகத்தைத் தின்னும். தாய்மார்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புளிக்குழம்பைப் பித்தளைச் சட்டியிலே வைத்தால் என்ன ஆகும்? களிம்பு ஏறும். பச்சை நிறத்திலே ஓரமெல்லாம் படியும். அந்தக் குழம்பைக் கொட்டிவிடு என்பார் பாட்டி. ஈயம் பூசாத பாத்திரத்திலே புளியும் தயிரும் வைக்காதே என்பது நம் அடுப்படியின் பழைய சட்டம். "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ!" என்று தெருவிலே கூவிக்கொண்டு ஒருவர் வருவாரே, அவர் வந்தது பாத்திரத்தைப் பளபளப்பாக்க மட்டுமா? வெள்ளீயத்தாலே செம்புக்கும் சோற்றுக்கும் நடுவிலே ஒரு சுவர் எழுப்பத்தான் அவர் வந்தார்.

அதே காரியம் குழாய்க்குள்ளே நடக்கிறது. சட்டியிலே வெளிப்படையாக நடப்பது குழாயிலே மறைவாக நடக்கிறது, அவ்வளவே. செம்புக் குழாய் போட்ட வீடாயிருந்தால் குழாயிலிருந்தும், இரும்புக் குழாயோ பிளாஸ்டிக் குழாயோ போட்ட வீடாயிருந்தால் பித்தளைத் திருகிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் செம்பு கரையும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரைவது சொற்பம். அசையாமல் நின்றால்தான் ஊறும். இரவெல்லாம் நின்றால் இரவெல்லாம் ஊறும். குழாய் புதிதாக இருந்தால் இன்னும் அதிகம். பழகிய குழாயிலே உள்ளே ஒரு படலம் படிந்து ஓரளவு காப்பாற்றும். புதுக் குழாய் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாம் நினைக்கிறோமே, செம்பைப் பொறுத்த மட்டில் கவலை தொடங்குவதே அப்போதுதான்.

பெரிய சுத்திகரிப்பு நிலையங்களிலே இதற்கு மருந்து உண்டு. படிகாரம் போட்டு அழுக்கை இறக்கிய பிறகு, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்கிறார்கள். அமெரிக்காவிலே பிளின்ட் என்கிற நகரத்துக் கதையைக் கேட்டிருப்பீர்கள். 2014 ஆம் ஆண்டு அங்கே தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். குழாயை அரிக்காமலிருக்கப் போட வேண்டிய மருந்தைப் போடாமல் விட்டார்கள். பழைய குழாய்களிலிருந்து காரீயம் கரைந்து, பிள்ளைகளின் இரத்தத்திலே போய்ச் சேர்ந்தது. ஆற்றிலே காரீயம் இருந்ததா? இல்லை. குழாயிலே இருந்தது, தண்ணீர் அதை எடுத்து வந்தது. பெரிய நகரத்துக்கே அந்தக் கதி என்றால், குளத்திலிருந்தோ மலையோடையிலிருந்தோ தானே பம்ப் வைத்து இறைத்துக்கொள்கிற தோட்டத்திலே, சுண்ணாம்பு போடுகிறார்களா, போட்டால் எவ்வளவு போடுகிறார்கள், யார் அளக்கிறார்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகுமா?

அளவைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். மலேசியாவின் தேசியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் செம்பு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. அமெரிக்காவிலே 1991 ஆம் ஆண்டு விதியின்படி 1.3 மில்லிகிராமைத் தாண்டும் வீடுகள் பத்திலே ஒன்றுக்கு மேல் இருந்தால், தண்ணீர் கொடுக்கிறவர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 1 மில்லிகிராமுக்கு மேலே போனால் துணியிலும் தொட்டியிலும் கறை பிடிக்கும். நீலமும் பச்சையும் கலந்த கறை. 5 மில்லிகிராமைத் தாண்டினால் தண்ணீரே நிறம் மாறிக் கசக்கும். இடைப்பட்ட அளவிலே குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. பெரியவர்களுக்கு இது வந்து போகிற உபத்திரவம். நாக்கிலே துட்டை வைத்ததுபோல ஒரு ருசி தட்டும், துப்பிவிடுவோம்.

துப்பத் தெரியாத ஒரு ஜீவன் வீட்டிலே இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

செம்பு உடம்புக்கு வேண்டிய பொருள்தான். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். மிஞ்சியதை ஈரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு அந்தத் திறமை இன்னும் முழுதாக வந்திருக்காது. வந்த செம்பை அது சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தாய்ப்பாலிலே செம்பு மிகக் கொஞ்சம்; பிள்ளைக்கு எவ்வளவு தாங்கும் என்று தாயின் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. புட்டிப்பால் பிள்ளைக்கோ தண்ணீர்தான் ஆகாரத்தில் பெரும்பகுதி. உடம்பு எடைக்கு எடை பார்த்தால், நம்மைவிட அது பல மடங்கு தண்ணீர் குடிக்கிறது.

இதற்குச் சாட்சி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே. அதுவும் நம்மவர் வீட்டிலிருந்தே உண்டு.

இங்கே இருக்கிற வயதான தாய்மார்களுக்கு 'ஈரல் குலைக்கட்டி' என்ற சொல் தெரிந்திருக்கும். ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளை. வயிறு உப்பும், ஈரல் கல்லாகும், கண் மஞ்சளாகும், சில மாதத்திலே பிள்ளை போய்விடும். தமிழ்நாட்டிலே அதற்கென்றே ஜம்மி லிவர்க்யூர் என்று ஒரு மருந்து வீட்டுக்கு வீடு பெயர் போயிருந்தது. இந்த நோயைப் பற்றி 1887 ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஒரு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். நூறு வருஷமாக அது இந்தியப் பிள்ளைகளின் நோய் என்றே பெயர் வாங்கியது. விதி என்றார்கள், பரம்பரை என்றார்கள், தாயின் பால் கெட்டுவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். தாயின் மேலே பழி போடுவதுதானே உலகத்திலே மிகச் சுலபமான காரியம்!

1980களில் பூனா நகரத்து மருத்துவர்கள் பண்டிட் அவர்களும் பாவே அம்மையாரும், இங்கிலாந்திலிருந்து வந்த டானர் என்பவரும் சேர்ந்து, அந்தப் பிள்ளைகளின் ஈரலிலே மலைபோலச் செம்பு குவிந்திருப்பதை ஆராய்ந்தார்கள். செம்பு எங்கிருந்து வந்தது? வீடு வீடாகப் போய் அடுப்படியைப் பார்த்தார்கள். தாய்ப்பாலை நிறுத்திச் சீக்கிரமே மாட்டுப்பால் கொடுத்த வீடுகள். அந்தப் பாலைக் காய்ச்சியதும் ஊற்றி வைத்ததும் ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும். பாலிலுள்ள சத்து செம்பைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. 1983 ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டிலே இதை எழுதினார்கள். பித்தளை போய் எவர்சில்வர் வந்த வீடுகளிலே அந்த நோயும் மெல்ல மெல்ல மறைந்தது. இன்றைய மருத்துவ மாணவர்களில் பலர் அதைப் புத்தகத்திலேதான் பார்க்கிறார்கள்.

இது இந்தியர் இரத்தத்துக்கு மட்டும் வருவதா? ஆஸ்திரியா நாட்டிலே டைரோல் என்று ஒரு மலைப்பிரதேசம். வெள்ளைக்காரக் குடியானவர்கள். 1900 முதல் 1974 வரை அங்கே 138 குழந்தைகள் இதே மாதிரியான ஈரல் நோயிலே மாண்டதை ஆராய்ந்து 1996 இல் வெளியிட்டார்கள். அங்கேயும் செம்புப் பாத்திரத்திலே காய்ச்சிய பால். பாத்திரம் மாறியது, நோய் நின்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வராமல் சில பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததைப் பார்த்து, பிறவியிலேயே செம்பைத் தாங்காத உடல்வாகும் சேர்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். இருக்கலாம். எந்தப் பிள்ளைக்கு அந்த உடல்வாகு என்று பிறந்த அன்று நெற்றியிலே எழுதியிருப்பதில்லையே.

பாத்திரம் சரி, குழாய்த் தண்ணீராலே வந்ததுண்டா? ஜெர்மனியிலே வந்திருக்கிறது. 1982 முதல் 1994 வரை அங்கே நேர்ந்த குழந்தை ஈரல் நோய்களைத் துருவிப் பார்த்தபோது, எண்ணிக்கையிலே சிலதான், ஆனாலும் அவற்றிலே ஒரே மாதிரி அமைப்பு தெரிந்தது. சொந்தக் கிணறு, புளித்த தண்ணீர், செம்புக் குழாய், புட்டிப்பால். ஊர்ப் பொதுக்குழாயிலே தண்ணீர் வாங்கியவர்களுக்கு இந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. தனியாக இறைத்துக்கொண்டவர்கள் வீட்டிலேதான். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து நெஞ்சிலே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். பட்டணத்திலே ஏழு மணிக்கு எழுந்து, பல் துலக்கி, குளித்து, அதன் பிறகு அடுப்பு மூட்டுகிறவன் வீட்டிலே, இரவெல்லாம் நின்ற தண்ணீர் குளியலிலேயே கழிந்து போகும். நம் கதை அப்படியா? பெரட்டுக்குப் போக வேண்டும். நான்கு, நான்கரைக்கு எழுந்தவுடன் தாயின் கை முதலிலே தொடுவது எதை? கெட்டிலை. முதல் தண்ணீர் கெட்டிலுக்கு. கெட்டில் தண்ணீர் பால் புட்டிக்கு. பிள்ளையை ஆயாக் கொட்டகையிலே விடும்போது கூடவே இரண்டு புட்டி கலந்து கொடுத்து அனுப்புவதும் உண்டு. இரவு பத்து மணிக்கு மூடிய குழாயை நான்கு மணிக்குத் திறந்தால் ஆறு மணி நேரம். அமெரிக்க விதியிலே செம்பையும் காரீயத்தையும் சோதிக்க மாதிரி எடுக்கிறார்களே, அதற்கு என்ன நிபந்தனை தெரியுமா? குறைந்தது ஆறு மணி நேரம் அசையாமல் நின்ற குழாயிலிருந்து முதல் லிட்டர்! ஆபத்து எங்கே இருக்கிறது என்று தேட அவர்கள் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிற அதே லிட்டரை, நம் வேலை நேரத்தின் காரணமாக நாம் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

காய்ச்சினால் போய்விடாதா என்று ஒரு தாய் கேட்கலாம். கிருமி போகும். செம்பு போகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றும், உள்ள செம்பு அப்படியே மிஞ்சும்.

இனி நான் பின்னால் சொல்வதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த தோட்டமொன்றிலே, ஊர் பேர் வேண்டாம், லயத்துக்கு மேட்டுக் குளத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரும்புக் குழாயெல்லாம் துருப்பிடித்து, செந்நிறமாகத் தண்ணீர் வந்து, நாங்கள் மனு மேல் மனு கொடுத்து, கடைசியிலே ஒரு வரிசைக்குச் செம்புக் குழாய் மாற்றிக் கொடுத்தார்கள். எங்களுக்குப் பெரிய வெற்றி! தேங்காய் உடைத்துக் குழாயைத் திறந்தோம். அந்த வரிசையிலேதான் என் மகள் குடியிருந்தாள். பேரன் பிறந்து நான்கு மாதம். சில வாரத்திலே பிள்ளை காலையிலே குடிக்கிற பாலை மட்டும் கக்க ஆரம்பித்தான். மத்தியானப் பால் நிற்கும், இரவுப் பால் நிற்கும், காலைப் பால் நிற்காது. மருந்து கொடுத்தார்கள். பால் மாவை மாற்றினார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். குளியலறைத் தரையிலே குழாய்க்கு நேர் கீழே ஒரு நீலக் கறை படிந்திருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். "இது களிம்பு மாதிரி இருக்கிறதே" என்றாள். அவள் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மண்டோர் கத்திய சத்தம் காதிலே கேட்டது.

தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ஒருவர் வந்தார். பகல் பதினொரு மணி. குழாயை நன்றாகத் திறந்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டார், பிறகு போத்தலிலே பிடித்தார். கிருமிக்குச் சோதிக்கிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்களாம். அவரைக் குறை சொல்ல இயலாது. குறையொன்றுமில்லை என்று கடிதம் வந்தது. குறை எப்படி இருக்கும்? குறையைத்தான் ஐந்து நிமிஷம் சாக்கடையிலே ஓடவிட்டாயிற்றே! மகள் அதன்பிறகு இரவிலேயே பிடித்து வைத்த தண்ணீரிலே பால் கலக்கத் தொடங்கினாள். பையன் கக்குவது நின்றது. செம்புதான் காரணமென்று நான் சத்தியம் செய்யமாட்டேன்; அளந்து பார்க்காததைச் சத்தியம் செய்வது தொழிலாளிக்கு அழகில்லை. அளக்க வேண்டிய நேரத்திலே அளக்கவில்லை என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொல்வேன்.

இங்கே ஒரு தடைச் சொல். நான் இப்படிப் பேசிவிட்டுப் போனதும், வீட்டிலுள்ள செம்புக் குடத்தையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் சிலர், செம்புக் குடத்திலே 16 மணி நேரம் தண்ணீரை வைத்துப் பார்த்து 2012 இல் எழுதினார்கள். வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துவிட்டன. செம்போ, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூட ஏறவில்லை. ஆகவே புளிப்பில்லாத நல்ல தண்ணீரைப் பெரியவர்கள் செம்புக் குடத்திலே வைத்துக் குடிப்பதிலே பயமில்லை. பால், மோர், எலுமிச்சைச் சாறு, புளி, இவற்றைத்தான் அதிலே வைக்கக்கூடாது. வில்சன் நோய் என்று செம்பைத் தள்ள முடியாத ஒரு பிறவி நோய் உண்டு; அபூர்வமானது. அது உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதையே கேட்க வேண்டும். இப்போது கடையிலே செம்புப் போத்தலை ஆரோக்கியம் என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். அதிலே எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பிள்ளையின் பள்ளிப்பைக்குள் வைத்துவிடாதீர்கள், அதுபோதும்.

செம்பைவிடக் கொடியது ஒன்று அதே பித்தளைத் திருகுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கடைசல் பிடிக்க இலகுவாயிருக்கட்டும் என்று பித்தளையிலே கொஞ்சம் காரீயம் சேர்ப்பது வழக்கம். காரீயத்துக்கு இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. பிள்ளைகளின் மூளையைத் தொடும். அதுவும் நின்ற தண்ணீரிலேதான் அதிகமாக இறங்கும். ஆகவே முதல் தண்ணீரை ஒதுக்கினால் இரண்டுக்குமே நல்லது.

யார் பொறுப்பு? ஜொகூரிலே பொதுக்குழாய்த் தண்ணீர் கொடுப்பது ரான்ஹில் எஸ்.ஏ.ஜே. நிறுவனம். அதை மேற்பார்க்க 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் இருக்கிறது. தண்ணீரின் தரத்தைக் கண்காணிப்பது சுகாதார அமைச்சு. 1983 முதல் அதற்கென்று ஒரு திட்டமே நடத்தி வருகிறது. எல்லாம் சரி. ஆனால் நீர் நிறுவனத்தின் கை மீட்டர் வரைக்கும்தான் நீளும். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள குழாய் வீட்டுக்காரன் பொறுப்பு. பல தோட்டங்களிலே வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. ஒரே பெரிய மீட்டர் தோட்டத்து எல்லையிலே நிற்கும். அங்கிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து லயம், லயத்திலிருந்து உங்கள் கெட்டில் வரை உள்ள குழாயெல்லாம் யாருடையது? நிர்வாகத்துடையது. 1990 ஆம் ஆண்டின் 446 ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று வைத்தது. போதுமான தண்ணீர் என்றால் எத்தனை வாளி என்றுதான் இதுவரை நாம் வாதாடியிருக்கிறோம். வாளிக்குள் இருப்பது என்ன என்று கேட்டதில்லை. அது நம்முடைய குறையும்தான்.

ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களிலே பால் ஸ்டோரே இல்லாமல் போய்விட்டது. மரம் மாறினாலும் லயத்துக் குழாய் பல இடத்திலே அதே குழாய்தான். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளுக்குப் போன நம்மவர்களும் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மீட்டரிலிருந்து உள்ளே எல்லாம் உங்கள் பொறுப்பு. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து ஒருபோதும் பிள்ளைக்குப் பால் கலக்காதீர்கள். சுடுதண்ணீர் உலோகத்தை இன்னும் வேகமாகக் கரைக்கும்.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. இரவுச் சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய கையோடு, குழாய் அதுவரை ஓடிக்கொண்டிருந்திருக்கும் அல்லவா, அந்த நேரத்திலே ஒரு எவர்சில்வர் குடத்தை நன்றாகத் துலக்கி நிரப்பி மூடி வையுங்கள். காலையிலே பிள்ளைக்கும் அடுப்புக்கும் அதையே எடுத்துக் கொதிக்க வையுங்கள். குழாயிலே வரும் முதல் வாளியைக் கக்கூஸுக்கோ கறிவேப்பிலைச் செடிக்கோ ஊற்றுங்கள். தாய்ப்பால் கொடுக்க முடிந்தவர்கள் முடிந்த மட்டும் கொடுங்கள். வேலையும் பிரசவ விடுமுறையும் அதற்கு எவ்வளவு இடம் தருகின்றன என்பது தனிக் கூட்டத்துக்கு உரிய விஷயம்.

குடத்திலே பிடித்து வைப்பது நம்மாலே ஆனது. குழாயைச் சரி செய்வதும் தண்ணீரின் புளிப்பை முறிப்பதும் நம்மாலே ஆகாதது. அதற்காக மாதர் பகுதியினர் ஒரு மனு தயாரித்து வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு பிரதி. மூன்றே விஷயம் அதிலே கேட்டிருக்கிறது. தொட்டித் தண்ணீரின் புளிப்பை, அதாவது பி.எச். என்னும் அளவைச் சோதித்துச் சொல்ல வேண்டும். தேசியத் தரப்படி அது 6.5 க்குக் கீழே போகக்கூடாது. ஒவ்வொரு லயத்திலும் கடைசி வீட்டுக் குழாயிலே, காலையிலே எவரும் தொடுவதற்கு முன், முதல் லிட்டரைப் பிடித்துச் செம்புக்கும் காரீயத்துக்கும் சோதிக்க வேண்டும். வந்த கணக்கைத் தமிழிலும் மலாயிலும் பெரட்டுக் களத்திலே ஒட்ட வேண்டும். இரண்டாவது கோரிக்கையிலே 'எவரும் தொடுவதற்கு முன்' என்ற மூன்று சொல்லுக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேன். அதை அடிக்கச் சொல்லி யார் வந்தாலும் விடாதீர்கள்.

மாதிரி எடுக்க ஆள் வருகிற நாளிலே, முந்தின இரவு குழாயை மூடி வைக்கிற வீட்டில் ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் போடுகிறேன் என்று மாமியார் மூன்று மணிக்கு எழுந்து திறந்துவிட்டால் காரியம் கெட்டது! அதற்கு ஒப்புக்கொண்டு பெயர் கொடுத்தவர்கள் இதுவரை ஆறு வீட்டுக்காரர்கள். மேட்டு லயத்திலிருந்து இன்னும் எவரும் கொடுக்கவில்லை. மனுத்தாள் வாசலிலே செயலாளர் அம்மாவிடம் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை வைத்திருக்கிறார்கள். நீலக் கறை யார் வீட்டிலாவது இருந்தால், தேய்த்துக் கழுவிவிடாமல் முதலிலே எனக்குக் காட்டுங்கள். கூட்டம் முடிந்ததும் மேட்டு லயத்துப் பக்கம் நானே வருகிறேன்.